வெள்ளைப் பொடி அண்ணனுக்கு

நண்பர்களே, அந்த அண்ணனின் காணொளியை எனக்கு அனுப்பியது போதும், தயவுசெய்து நிறுத்துங்கள். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் திராட்சைக் கொத்தைத் தூக்கிப் பிடித்து, "இந்த வெள்ளையெல்லாம் விஷம், இந்த விவசாயிகளுக்குச் சுற்றுச்சூழல் விழிப்புணர்வே இல்லை" என்று அண்ணன் முழங்கியதை நானும் பார்த்தேன். அந்த வெள்ளைப் படலம் பெரும்பாலும் பழமே சுரக்கும் மெழுகு. அது போகட்டும். விழிப்புணர்வு இல்லையாம். அதுதான் சுடுகிறது.

என் சித்தப்பா தேனி மாவட்டம் சுருளிப்பட்டியில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார். மழை விடாமல் பிடித்தால் அடிச்சாம்பல் நோய் இலையில் தொடங்கிக் கொத்துக்கும் வந்துவிடும். மருந்து அடிக்காவிட்டால் அந்தப் போகம் அவ்வளவுதான். அடித்த ராத்திரி கண் எரிச்சலில் அவருக்குத் தூக்கம் வராது. அவருக்கா நாம் வகுப்பெடுக்க வேண்டும்? அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் அடிக்கிறார். புள்ளி விழுந்த கொத்தை வியாபாரி தொடமாட்டார், ஏனென்றால் நாம் வாங்கமாட்டோம்.

"அப்போ விஷத்தைத் தின்னச் சொல்றீங்களா?" என்று வருவீர்கள். இல்லை. மருந்தடித்த சூட்டோடு பழத்தை அறுத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் பூச்சிமருந்தைத் தெளித்தது விவரம் தெரியாத குடியானவன் இல்லை, கேரள அரசின் தோட்டக் கழகம். உச்ச நீதிமன்றத் தடை வர 2011 ஆனது. யூரியாவை அள்ளிக் கொட்டுகிறார்களா? 45 கிலோ மூட்டை 300 ரூபாய்க்குள் கிடைக்கும்படி விலையைப் பிடித்து வைத்திருப்பதும் அரசுதான். பொட்டாஷ் உரம் பல மடங்கு விலை. கையில் காசில்லாதவன் எதை வாங்குவான்?

இயற்கை விவசாயம் செய்யலாமே என்பவர்களுக்கு: செய்யலாம். அந்த விலைக்கு வாங்க நீங்கள் தயாரா? சரி, விடுங்கள்.

நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கொசுப்புகை அடிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? ஜன்னலைச் சாத்திவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டுகிறோம். அதுவும் பூச்சிமருந்துதான். அன்றைக்குத் தேனீக்காகக் கண்ணீர் விட்டு எந்த அண்ணனும் காணொளி போடவில்லை. டெங்கிக்கு நாம் பயந்தால் முன்னெச்சரிக்கை, விளைச்சல் போய்விடுமென்று சித்தப்பா பயந்தால் அறியாமை. நல்ல நியாயம்.

அந்தக் காணொளி சித்தப்பாவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. "ஏம்ப்பா, உங்க ஊர்ல எங்களப் பத்தி இப்படித்தான் பேசிக்குவீங்களா?" என்று கேட்டார். பேச்சை மாற்றினேன். அந்தக் காணொளிக்குக் கீழே 'பட்டிக்காட்டுப் பசங்க' என்று எழுதிச் சிரித்தவர்களில் சிலர் என் நட்பில் இருக்கிறீர்கள். நான் நீக்குவதற்குள் நீங்களே போய்விடுங்கள்.