வழி கேட்பது யார் என்று பார்த்துத்தான் வழி சொல்கிறோம்

வெளிநாடு போய் வந்தவர்கள் எழுதும் பதிவுகளில் ஒரு வரி தவறாமல் வரும்: "நம்ம ஊர்ல இப்படி நடக்குமா?" யாரோ பெட்டியைத் தூக்கி வைத்திருப்பார்கள், யாரோ மழையில் குடை கொடுத்திருப்பார்கள், உடனே இந்தக் கேள்வி. எனக்கு இதைப் படித்தாலே எரிச்சல் வரும். நம்ம ஊரிலும் தினமும் நடக்கிறது சார். யாருக்கு நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எனக்கும் வெளிநாட்டில் முகம் தெரியாதவர்கள் உதவியிருக்கிறார்கள். ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியது, நகோயா பக்கம். அங்கே மெய்டெட்சு என்ற தனியார் ரயிலின் நகோயா நிலையம் பூமிக்கு அடியில் இருக்கிறது. மொத்தமே இரண்டு தண்டவாளம். விமான நிலையம் போகிற வண்டி, கிஃபு வண்டி, இனுயாமா வண்டி, தொயோஹாஷி வண்டி எல்லாம் அந்த இரண்டிலேயே இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். எந்த வண்டிக்கு எங்கே வரிசை நிற்க வேண்டும் என்று நிறம் பிரித்துக் குறி போட்டிருப்பார்கள். பழக்கமில்லாத ஜப்பான்காரர்களே தடுமாறும் இடம் அது.

நான் ஊர்ப் பெயர் எழுதிய சீட்டோடு பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஓர் அம்மா வந்தார். கையிலிருந்த பையில் வெங்காயத்தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சீட்டை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் ஒரு வார்த்தை வரவில்லை. வா என்று சைகை காட்டி, வேறொரு வரிசையில் கொண்டுபோய் நிறுத்தி, தானும் பக்கத்திலேயே நின்றுவிட்டார். ஒரு வண்டி வந்தது, இது இல்லை என்று கையை ஆட்டினார். அடுத்ததும் இல்லை. அதற்கடுத்ததில் ஏறச் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கத் தண்டவாளத்துக்குப் போக வேகமாக நடந்தார். அவர் ஏற வேண்டிய வண்டி அதற்குள் எப்போதோ போயிருக்கும்.

துபாயில் நடந்தது இன்னும் சின்னது. தேராவிலிருந்து அப்ரா படகில் அக்கரை போக 1 திர்ஹாம். என்னிடம் சில்லறை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாகிஸ்தானின் பெஷாவர்க்காரர், வேலை உடுப்போடு இருந்தவர், எனக்கும் சேர்த்துக் காசை நீட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நாட்டில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். இதை "துபாய்க்காரன் பண்பாடு" என்று எழுதினால் பெஷாவரில் சிரிப்பார்கள்.

ஜப்பானையும் ரொம்பத் தூக்கி வைக்க வேண்டாம். 2017-ல் வெளியான அவர்கள் நீதி அமைச்சகத்தின் கணக்கெடுப்பிலேயே, வாடகைக்கு வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 40 சதவீதம் பேர், வெளிநாட்டவர் என்பதாலேயே வீடு மறுக்கப்பட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். ரயில் ஏற்றிவிடுவது வேறு, மாடி வீட்டைக் கொடுப்பது வேறு போல.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கன்னியாகுமரிக்கு சைக்கிள் மிதிக்கும் வெள்ளைக்காரர் தொப்பூர் டீக்கடையில் நிறுத்தினால் என்ன நடக்கும்? டீக்குக் காசு வாங்க மாட்டார்கள், கூட வாழைப்பழம் கொடுப்பார்கள், கணவாயில் லாரி பார்த்துப் போகச் சொல்லி நாலு பேர் கை காட்டுவார்கள், கடைசியில் செல்பி. நல்லதுதான், குறை சொல்லவில்லை.

அதே நேரம் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போக பஸ் தேடிக்கொண்டிருப்பான். பலகையில் இருப்பது தமிழ். நகோயாவில் நான் நின்ற அதே நிலைமை. அவனுக்குக் கிடைப்பது "ஏய், எங்கடா போவணும், சீக்கிரம் சொல்லு." வயசுப் பையன்தானே, "டா" போட்டால் என்ன என்பார்கள். சைக்கிள்காரருக்கும் அதே வயசுதான், அவருக்கு மட்டும் "சார்" எப்படி வருகிறது?

மொழி தெரியவில்லை என்ற சாக்கு வேறு ஊர்க்காரர்கள் சொன்னாலாவது கேட்கலாம். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் வாயில் தண்ணீராக ஓடும். பென்னாகரம், அரூர் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள், போகிறவர்கள் நாம். கலாசிபாளையத்தில் கன்னடப் பலகையைப் பார்த்து முழித்த எங்கள் சித்தப்பாவை யாரோ ஒரு புண்ணியவான்தான் சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அதை இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறவர், வீட்டுக்கு எதிரே குடிவந்த ஜார்க்கண்ட் பசங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலை மாற்றிக்கொள்கிறார். சித்தப்பா இதைப் படிப்பார், படிக்கட்டும்.

2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வீடியோ பொய். அதைப் பலரும் நம்பிப் பயந்தது உண்மை. தினமும் முறைப்பு மட்டுமே வாங்கிக்கொண்டிருப்பவனுக்கு அப்படியொரு வதந்தியை நம்புவது கஷ்டமா என்ன?

"இவனுங்க வந்துதான் நம்ம பசங்க வேலை போச்சு" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கூலியைக் குறைத்து ஆள் எடுப்பவரிடம் போய் அதைக் கேளுங்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பையன் கேட்டது ஓசூர் பஸ் எது என்று மட்டும்தான்.