ஓடு என்றவர் இரண்டு மணி நேரம் அசையவே இல்லை

நாலு மாதம். ஒரு மனுஷியை டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானக் கதைத் தொடரைப் பார்க்க உட்கார வைக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. அதைக் கலைத்துப் போட இவர்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் நீங்கள் தனியாக இருப்பவர், இல்லாவிட்டால் அந்தக் காரியத்தைச் செய்தவரே நீங்கள்தான்.

என் அக்காவுக்கு விஞ்ஞானக் கதை என்றாலே ஆகாது. "டாக்டர்னா கண்ணு டாக்டரா, பல்லு டாக்டரா?" என்று கேட்டவள். கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், அவள் பார்க்கும் மெகா சீரியலை அவளோடு உட்கார்ந்து நாற்பது நாள் பார்த்தேன். அதில் யார் யாருக்கு என்ன உறவு என்பது இப்போது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். கடைசியில் போன ஞாயிறு சாயங்காலம் "சரி, போடு. ஒண்ணே ஒண்ணு" என்றாள். போட்டேன். 2005 மார்ச்சில் தொடர் மறுபடி உயிர்பெற்றபோது வந்த முதல் பாகம். புதிதாக வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது. இதில் யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் சண்டைக்கு வரலாம். வேண்டாம், வராதீர்கள். ஒரு வாரத்துக்குப் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண், பெயர் ரோஸ். கடை மூடும் நேரம், கீழ்த்தளத்துக்கு இறங்குகிறாள். துணி உடுத்தி நிற்கும் பொம்மைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி நடக்கத் தொடங்குகின்றன. பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறாள். ஒரு பொம்மை கையை ஓங்குகிறது. அப்போது பக்கத்திலிருந்து இன்னொரு கை வந்து அவள் கையைப் பிடிக்கிறது. ஒட்ட வெட்டிய முடி, கருப்புத் தோல் ஜாக்கெட், டாக்டராக நடிக்கும் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன். ஒரே ஒரு வார்த்தை: ஓடு.

அக்கா சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள். நான் டிவியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மாதத் தவம் பலித்தது என்று நினைத்த அந்த நொடியில் கதவு திறந்தது.

அக்கா மகன். பின்னாலேயே அவன் சிநேகிதன், சொட்டச் சொட்ட ஒரு குடையோடு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஐயோ சித்தி! அம்மாவுக்குப் போயும் போயும் இவரையா போட்டுக் காட்டுறீங்க?" ரிமோட் அவன் கைக்கு எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நிறுத்திவிட்டான். திரையில் கை கையைப் பிடித்தபடி, எக்கிள்ஸ்டன் வாய் பாதி திறந்தபடி. அப்போது மணி ஐந்தே கால். அந்த மனுஷன் வாயை மூடும்போது ஏழரை.

அவனுக்கு, எக்கிள்ஸ்டனுக்கு அடுத்து டாக்டராக வந்த டேவிட் டென்னன்ட்தான் எல்லாம். அது தப்பில்லை, உலகத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஆனால் அவன் வாதாடும் முறை இருக்கிறதே! "அவர் அழுதா நாமளும் அழுவோம் சித்தி." அதாவது நடிப்புக்கு இவனிடம் இருக்கும் ஒரே தராசு கண்ணீர். 2010 புத்தாண்டு அன்று டென்னன்ட் விடைபெற்ற காட்சியை, வசனம் உட்பட, அவனே நடித்துக் காட்டினான். முகத்தை ஒரு மாதிரி கோணி, உதட்டைக் கடித்து. பெற்ற தாயே "என்னடா, வயிறு வலிக்குதா?" என்று கேட்டாள்.

அதோடு விட்டானா? "இவர் மேல ரொம்ப ஆசை வைக்காதம்மா, 13 பாகத்துல போயிடுவாரு" என்றான்.

சொல்லிவிட்டான். எதைச் சொல்லக்கூடாதோ அதை, ஐந்தாவது நிமிடத்தில், ஏதோ பால்காரர் வர மாட்டார் என்பது மாதிரி. எக்கிள்ஸ்டன் விலகுகிறார் என்ற செய்தி 2005இலேயே, முதல் பாகம் ஒளிபரப்பான அதே வாரத்தில் வெளியாகிவிட்டது என்பது உண்மைதான். அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு அது செய்தித்தாள் செய்த துரோகம். இது பெற்ற பிள்ளை செய்தது.

அக்கா நிதானமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "போயிடுவாருன்னா? செத்துடுவாரா?"

"சாக மாட்டாரு ஆன்ட்டி, மூஞ்சி மாறிடும்" என்றான் சிநேகிதன். ஒரு காலில் நின்றுகொண்டு அடுத்த காலின் செருப்பைக் கழற்றியபடி, அறுபது வருஷத் தொடரின் ஆதார ரகசியத்தை மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டான். முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெல் உடம்பு முடியாமல் விலக வேண்டி வந்தபோது, தொடரை நிறுத்த மனசில்லாமல் 1966இல் கண்டுபிடித்த உத்தி அது. நாயகன் தரையில் விழுகிறார், முகம் ஒளிர்கிறது, எழுந்திருப்பது வேறு ஆள், பேட்ரிக் ட்ரௌட்டன். தொலைக்காட்சிச் சரித்திரத்தில் அப்படி ஒரு துணிச்சல் அதற்கு முன் கிடையாது என்றுதான் சொல்வேன். அதை அக்கா தானாகப் பார்த்துத் திகைக்க வேண்டும் என்றுதானே நான் நாற்பது நாள் மாமியார் கொடுமையைச் சகித்தேன்!

இந்தச் சிநேகிதன் தனி ரகம். வயது இருபத்திரண்டு. பழைய தொடர் நின்றது 1989இல். இவன் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பே. ஆனால் பேச்சைக் கேட்டால் 1974இல் நாலாவது டாக்டர் டாம் பேக்கருக்கு அந்த நீளமான கழுத்துத்துணியைப் பின்னிக் கொடுத்ததே இவன்தான் என்று தோன்றும். "டாம் பேக்கர் ஏழு வருஷம் ஆன்ட்டி. வேற எவனும் அவ்வளவு நாள் தாக்குப் பிடிக்கலை. அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாம் சும்மா." எல்லாம் சும்மாவாம். எக்கிள்ஸ்டன் சும்மா, டென்னன்ட் சும்மா, மேட் ஸ்மித் சும்மா, ஜோடி விட்டேக்கர் சும்மா. "பார்த்தா முதல்லேர்ந்துதான் பார்க்கணும்" என்று தீர்ப்பு வேறு.

முதலில் இருந்து. 1963 நவம்பர் 23. பழைய தொடர் மட்டும் 26 பருவம், ஏறக்குறைய 700 பாகம். "ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லி உட்கார்ந்தவளிடம் இதைச் சொல்கிறான். அதிலும் அறுபதுகளின் ஒளிநாடாக்களைப் பிபிசியே அழித்துத் தொலைத்ததில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பாகங்கள் படமாக இல்லை. அந்தக் காலத்து ரசிகர்கள் வீட்டில் டேப் ரிக்கார்டரை டிவி பக்கத்தில் வைத்துப் பதிவுசெய்த ஒலி மட்டும்தான் மிச்சம். முதலில் இருந்து பார் என்பவன் ஒரு பாகத்தையாவது அப்படிக் காதால் கேட்டிருக்கிறானா? கேட்டேன். "சுருக்கம் படிச்சிருக்கேன்" என்றான்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். நமக்கு ஆதரவாக ஒரு ஆள் என்று நான் மூச்சு விட்டது தப்பு. அவருக்குப் பிடித்த டாக்டர் பீட்டர் கபால்டி. 2015இல் வந்த ஒரு பாகம், கிட்டத்தட்ட முழுக்க முழுக்கக் கபால்டி ஒருவர் மட்டும் ஒரு கோட்டைக்குள் பேசிக்கொண்டே இருப்பார், வைரத்தைவிடக் கெட்டியான சுவரைக் கையால் குத்திக் குத்தி 450 கோடி வருஷத்தில் உடைப்பார். அதை என் வீட்டுக்காரர் அக்காவுக்கு விளக்கிச் சொன்ன வேகத்தைப் பார்த்தால் அந்த 450 கோடி வருஷத்தையும் நாங்கள் நேரடியாகக் கழித்த மாதிரி இருந்தது. அவர் சுவருக்காவது விரிசல் விழுந்தது.

இடையில் ஒரே ஒரு நல்ல தருணம் வந்தது, அதையும் கெடுத்தார்கள். ஐந்தாவது டாக்டராக நடித்தவர் பீட்டர் டேவிசன். அவருடைய நிஜ மகள் 2008இல் ஒரு பாகத்தில் டாக்டரின் மகளாகவே நடித்தார், அப்போது டாக்டர் டென்னன்ட். பிறகு டென்னன்ட் அவரையே கல்யாணமும் பண்ணிக்கொண்டார். இதை நான் பேச்சுவாக்கில் சொன்னதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம். "இரு இரு. அப்போ மாமனாரும் மருமகனும் ஒரே வேஷமா? பொண்ணு அப்பா வேஷத்துல இருக்கறவனையே கட்டிக்கிட்டாளா?" நாற்பது நாள் சீரியல் பார்த்த எனக்கு உடனே புரிந்தது, இவளைப் பிடிக்கும் கொக்கி இதுதான். அதற்குள் சிநேகிதன், "அதெல்லாம் கிசுகிசு ஆன்ட்டி, நடிப்பைப் பேசுவோம்" என்றான். கொக்கி அறுந்தது.

அக்கா மரியாதைக்காக இன்னொன்று கேட்டாள். "மொத்தம் எத்தனை டாக்டர்?"

டாக்டர் ஹூ ரசிகர்கள் இருக்கும் அறையில் இதைக் கேட்கவே கூடாது. பதினைந்து என்றான் மகன். ஜான் ஹர்ட் 2013இல் வந்தாரே, அவரைச் சேர்த்தாயா என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு நம்பர் கிடையாது என்றான். நம்பர் இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று ஆகிவிடுமா என்றார். டென்னன்ட் பத்தாவதாக ஒரு முறை, 2023இல் பதினான்காவதாக இன்னொரு முறை, அதை ஒன்று என்பதா இரண்டு என்பதா? 2020இல் ஜோ மார்ட்டின் வந்து நின்றாரே, அவர் எந்த வரிசை? சினிமாவில் நடித்த பீட்டர் குஷிங்கைச் சேர்க்க வேண்டும் என்று சிநேகிதன் ஆரம்பித்தான், எங்கள் மூன்று பேரின் முகத்தைப் பார்த்து அவனே நிறுத்திக்கொண்டான். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதற்குக்கூட இவ்வளவு தகராறு வராது.

"சரி, இப்ப யாரு?" என்றாள் அக்கா.

ஷூட்டி கட்வா 2025 மே 31 அன்று போய்விட்டார் என்றான் மகன். போய் யாராக மாறினார் என்றாள். மகனும் சிநேகிதனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சொல்லாதே" என்று நான் கத்தினேன், நிஜமாகவே கத்தினேன். சிநேகிதன் ஒன்றும் சொல்லவில்லை. விரலை நீட்டித் திரையைக் காட்டினான்.

திரையில் யார்? இரண்டு மணி நேரமாகக் கை பிடிபட்டபடி நிற்கும் அந்தத் துணிக்கடைப் பெண். பில்லி பைப்பர்.

"யாரு, இவளா?"

"அவங்கதான் டாக்டர்னு யாரும் சொல்லலையே! பேர் போட்டப்ப டாக்டர்னு போடலையே!" என்று மகன் சிநேகிதன் மேல் பாய்ந்தான். இருபது வருஷம் கழித்து வர வேண்டிய அதிர்ச்சியை ஐந்தாவது நிமிடத்திலேயே வாங்கிக்கொண்டு என் அக்கா உட்கார்ந்திருக்கிறாள், இவர்கள் பெயர்ப்பட்டியலில் என்ன போட்டது என்று அடித்துக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். இந்த இரண்டேகால் மணி நேரத்தில் நாற்பது நிமிடம் என்னுடையது. சமாதானம் பண்ணத்தான் எழுந்தேன், சத்தியமாக. "எல்லாரும் நல்லாத்தான் நடிச்சாங்க" என்று தொடங்கினேன். தொடங்கிவிட்டு, "ஆனா ட்ரௌட்டன் மட்டும் இல்லேன்னா உங்க யாருடைய ஆளும் வந்திருக்கவே முடியாது" என்று முடித்தேன். அது உண்மைதானே? இரண்டாவதாக வந்தவர் தோற்றிருந்தால் மூன்றாவதே கிடையாது. கிண்ணம் கவிழ்த்த மாதிரி முடி, கையில் ஒரு சின்னக் குழல், கோமாளி மாதிரி ஓடிக்கொண்டே திடீரென்று நின்று ஒரு பார்வை பார்ப்பார். அவர் முதன்முதலில் வந்த ஆறு பாகக் கதை மொத்தமும் அழிந்துவிட்டது என்றால் நான் எதைக் காட்டி வாதாடுவது? 2013இல் நைஜீரியாவிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த கதையில் நாயகனும் அவரே வில்லனும் அவரே என்று சொன்னேன். நடந்தும் காட்டினேன். முதலில் நாயகன் நடை, பிறகு வில்லன் நடை, டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில். ஆதாரம் இல்லாத கட்சிக்காரி நான், அதனால் சத்தம் அதிகமாகத்தான் இருக்கும்.

திரும்பிப் பார்த்தால் அக்கா காதில் இயர்போன். போனில் அவளுடைய சீரியல். மாமியார் அழுதுகொண்டிருந்தாள். மகனின் தராசில் போட்டால் அவளும் பெரிய நடிகைதான்.

ஏழரைக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "ஆனா அந்தக் கையைப் பிடிச்சாரே, அவர் நல்லாத்தான் இருந்தார். கண்ணுல ஒரு அவசரம் இருந்துது" என்றாள். ஐந்து நிமிடத்தில் தன் டாக்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டாள்! நான் வாயைத் திறப்பதற்குள் மகன், "இல்லம்மா, டென்னன்ட்டைப் பார்த்தா நீ இப்படிச் சொல்ல மாட்ட" என்று தொடங்கினான், "அதான் சொல்றேன் ஆன்ட்டி, டாம் பேக்கர்" என்று சிநேகிதன் மறித்தான், என் வீட்டுக்காரர் "அந்தச் சுவர் இருக்கு பாருங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அக்கா மகன் அதைப் பார்த்துவிட்டு, "சித்தி ட்ரௌட்டனை நினைச்சு அழறாங்க" என்றான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அந்தச் சிநேகிதன் போகும்போது என் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஏழாவது டாக்டர் வைத்திருந்த கேள்விக்குறிக் கைப்பிடிக் குடை ஒன்றுமில்லை, சாதாரணக் கருப்புக் குடைதான். ஆனால் பட்டனை அமுக்கினால் ஒரே தடவையில் விரியும். அவன் விட்டுப் போனதில் இரண்டு கம்பி ஒடிந்திருக்கிறது, ஒரு பக்கம் துணி தொங்குகிறது, பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் பாதி விரிந்து அப்படியே நிற்கிறது. மூன்று நாளாக மழை. மகனிடம் கேட்டால், "ரெண்டும் கருப்புதானே சித்தி, என்ன வித்தியாசம்?" என்கிறான்.