தூக்கிக் கழுவுகிறவரைக் கேட்டீர்களா?

நேற்று அந்தத் தோசைக்கல் பதிவுக்கு வந்த பின்னூட்டங்களைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. புதிதாக வாங்கிய நான்ஸ்டிக் தவாவை ஒரு பெண் ஆசையாகப் படம் போட்டார். அதற்கு "குடும்பத்துக்கே விஷம் வைக்கிறாய்" என்று ஒருவர் எழுதுகிறார். அதை ஆமோதித்து, இரும்புக்கல்தான் நல்லது என்று சொல்ல அத்தனை பேர்!

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பாத்திரத்தைத் தினமும் தூக்குகிறவர் யார், கழுவுகிறவர் யார்? எது வேண்டும் என்று அவர்தானே சொல்ல வேண்டும்?

நான் இரும்புக்கு எதிரி இல்லை. என் அடுப்பில் இருப்பது இரும்புக்கல்தான். பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பழக்கினேன். முறுகல் தோசைக்கு அதற்கு ஈடு கிடையாது. ஆனால் அதைத் தூக்க எனக்கு மணிக்கட்டில் பலம் இருக்கிறது. அம்மாவுக்கு இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் சூடான கல் கை நழுவிக் கால் பக்கத்திலேயே விழுந்தது. அன்று சாயங்காலமே நான்ஸ்டிக் தவா வாங்கினேன். மறுநாள் யார் உதவியும் இல்லாமல் அம்மாவே தோசை ஊற்றினார். அதை விஷம் என்று என்னால் சொல்ல முடியாது.

புகை வரும் என்பீர்கள். வரும். காலித் தவாவைப் பெரிய தீயில் வைத்து மறந்துவிட்டால், சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பூச்சு சிதையத் தொடங்கும். மேலும் சூடேறினால் கிளம்பும் புகையில் கூண்டுப் பறவைகள் செத்தே போகும். அதனால் மிதமான தீ, மரக்கரண்டி, பூச்சு உரிந்தால் தூக்கிப் போட்டுவிடுவது. பூச்சு தயாரிப்பில் முன்பு பயன்பட்ட பிஎஃப்ஓஏ (PFOA) என்ற வேதிப்பொருள் பற்றிய பயமும் நியாயமானதே. அது இல்லை என்று பெட்டியில் போட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். இதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாமே, அந்தப் பெண்ணை ஏன் வைய வேண்டும்?

அப்புறம் இரும்புச்சத்து. இரும்புச் சட்டியில் சமைத்தால் கொஞ்சம் சேரும், மறுக்கவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை. அந்த அக்கறை இருந்தால், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சமைத்த பெண் சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடுகிறாரே, முதலில் அதைப் பற்றிப் பேசுங்கள்.

பாட்டி ஆட்டுக்கல்லில்தான் அரைத்தார் என்று ஒருவர் எழுதியிருந்தார். என் பாட்டியும்தான். வீட்டுக்குக் கிரைண்டர் வந்த அன்று அது ஓடுவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து மாவு பொங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டுக்கல்தான் வேண்டும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தக் கிரைண்டரும் அப்பா போய் வாங்கி வந்ததுதான். எங்கள் வீட்டில் குக்கர், மிக்ஸி, அடுப்பு எல்லாமே அப்படித்தான் வந்தன. போன வாரம் அம்மாவிடம் "சமையலறைக்கு உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பிடி சூடாகாத மாதிரி ஒரு சின்னப் பால் பாத்திரம்" என்றார்.

கல்யாணமாகி 41 வருடம். இத்தனை நாளும் கரித்துணியைச் சுற்றித்தான் பால் இறக்கியிருக்கிறார்.