பிரைஸ் யங் குள்ளம்தான், ஆனால் உடைந்தது யார்?

2023 ஏப்ரல் மாதம் அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இன் டிராஃப்ட் நடந்த ராத்திரியிலிருந்து எனக்கும் என் தம்பிக்கும் ஒரே வாக்குவாதம். அவன் ஹூஸ்டனில் இருக்கிறான், டெக்ஸன்ஸ் ரசிகன். நான் சார்லட்டில் இருக்கிறேன், பாந்தர்ஸ் என்றால் எனக்கு உயிர். அன்றைக்கு எங்கள் அணி முதல் ஆளாக பிரைஸ் யங்கை எடுத்தது. அடுத்ததாக ஹூஸ்டன் சி.ஜே. ஸ்ட்ரவுடை எடுத்தது. இருவருமே குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்கள். அவர் பெயரை அறிவித்து முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது. "அக்கா, உங்க பையன் பக்கத்துல நிக்கிறவங்க தோள் உயரம்தான் இருக்கான். நாலு ஆட்டம் தாங்குவானா?"

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வசந்த காலம் முழுக்க டி.வி.யில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் இதையேதான் பேசினார்கள். இந்த ஆட்டத்தைப் பின்தொடராதவர்களுக்காகச் சொல்கிறேன். டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை 32 அணிகளும் முறை வைத்து எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி. அதற்கு முன்பு இண்டியானாபொலிஸில் காம்பைன் என்று ஒன்று நடக்கும். அங்கே உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம் வரைக்கும் அளப்பார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலத்தான் எனக்குத் தெரியும். யங்கின் அளவு 5 அடி 10 அங்குலம், அதற்கு மேல் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எடை 204 பவுண்டு, நம் கணக்கில் 92 கிலோ. அந்த 92 கிலோகூட ஆடுகளத்தில் இருக்காது, அளவெடுப்புக்காக ஏற்றிக்கொண்ட எடை என்று பேசினார்கள். ஸ்ட்ரவுட் 6 அடி 3 அங்குலம். நான்காவதாக இண்டியானாபொலிஸ் எடுத்த ஆண்டனி ரிச்சர்ட்சன் 6 அடி 4 அங்குலம், 244 பவுண்டு. பார்த்தாலே தேர் மாதிரி இருப்பான்.

சரி, அந்த முதல் வருஷம் என்ன நடந்தது?

பந்தை எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கைப் பிடித்து வீழ்த்துவதை சாக் என்பார்கள். அந்த ஒரே சீசனில் பிரைஸ் யங்கை 62 முறை அப்படி வீழ்த்தினார்கள். ஒவ்வொரு தடவையும் மேலே வந்து விழுகிறவன் 120, 130 கிலோ இருப்பான். இதில் யங் தவறவிட்டது ஒரே ஓர் ஆட்டம், கணுக்கால் வலியால். ஸ்ட்ரவுட் டிசம்பரில் ஜெட்ஸுக்கு எதிராக விழுந்ததில் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி வந்தது, இரண்டு ஆட்டம் உட்கார்ந்தார். தேர் மாதிரி இருந்த ரிச்சர்ட்சன் மொத்தமே நான்கு ஆட்டம்தான் ஆடினான். இரண்டாவது வாரம் மூளை அதிர்ச்சி, ஐந்தாவது வாரம் தோள்பட்டை, அப்புறம் அறுவை சிகிச்சை, சீசன் முடிந்தது.

இதைச் சொன்னால் தம்பி உடனே, "ஆனா ஆட்டத்துல யாரு ஜெயிச்சா?" என்று கேட்பான். நியாயமான கேள்வி. அந்த வருஷம் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருதை ஸ்ட்ரவுட் வாங்கினார். நாங்கள் 17 ஆட்டத்தில் 2 மட்டுமே ஜெயித்தோம். முதல் இடத்துக்கு ஏறுவதற்காக சிகாகோவுக்கு எங்கள் வீரர் டி.ஜே. மூரையும் டிராஃப்டின் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளையும் தூக்கிக் கொடுத்திருந்தோம், அதற்கு மேல் இரண்டாம் சுற்று வாய்ப்புகள் வேறு. அந்த விலைக்கு ஸ்ட்ரவுடைத்தான் எடுத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அவர் எறிந்த பந்துகளுக்காக எடுத்திருக்க வேண்டும். அந்த 5 அங்குல வித்தியாசத்துக்காக, 'உயரமானவன் உடைய மாட்டான்' என்கிற நம்பிக்கைக்காக எடுத்திருந்தால் அது தப்பான கணக்கு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் எனக்கு ஆறவே இல்லை.

2012 டிராஃப்டில் வந்த மூன்று குவார்ட்டர்பேக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆண்ட்ரூ லக், 6 அடி 4 அங்குலம், எல்லா அளவிலும் நூற்றுக்கு நூறு. இரண்டாவது ராபர்ட் கிரிஃபின். ரசல் வில்சன் 5 அடி 11 அங்குலம்கூட இல்லை என்பதால் 75-வது ஆள் வரைக்கும் அவரை யாரும் தொடவில்லை. கிரிஃபினின் முழங்கால் முதல் வருஷ பிளேஆஃப் (நாக்-அவுட்) ஆட்டத்திலேயே, 2013 ஜனவரியில் போனது. அன்றைக்கு எதிரணியில் ஆடி ஜெயித்தவர் யாரென்று பார்த்தால் அதே வில்சன். லக்குக்கு சிறுநீரகம் கிழிந்தது, தோள்பட்டை போனது, 2017 முழுக்க ஆடவில்லை. 2019 ஆகஸ்டில், 29 வயதில், வலியோடு வாழ முடியவில்லை என்று விலகினார். அந்தப் பேட்டியை நான் நேரலையில் பார்த்தேன். எங்கள் அணிக்காரர் இல்லைதான், இருந்தாலும் தொண்டை அடைத்துவிட்டது. வில்சனோ தொடர்ந்து 149 வழக்கமான சீசன் ஆட்டங்களில் இறங்கினார். அதன் பிறகு விரலில் அடிபட்டுத்தான் அந்த வரிசை நின்றது.

வில்சன் எப்படித் தப்பித்தார் என்று பார்த்தால் பாடம் அங்கேதான் இருக்கிறது. அவர் பேஸ்பால்காரர். 2011-இல் எங்கள் மாநிலத்து ஆஷ்வில்லில்கூட ஆடியிருக்கிறார். பேஸ்பாலில் ஓடி வந்து காலை முன்னால் நீட்டிச் சறுக்குவது அடிப்படைப் பழக்கம். குவார்ட்டர்பேக் அப்படிச் சறுக்கிவிட்டால் எதிராளி அவரை இடிக்கக் கூடாது என்பது விதி. இன்னும் நாலு கெஜம் கிடைக்கும் என்று தலையை நீட்டிக்கொண்டு போகிறவனுக்குத்தான் ஆபத்து. மயாமியின் குவார்ட்டர்பேக் டுவா டகோவைலோவா 2023-க்கு முன்னால் ஜூஜுட்ஸு கற்று, எப்படி விழுவது என்றே தனியாகப் பயிற்சி எடுத்தார். அந்த வருஷம் 17 ஆட்டமும் ஆடினார். மறு வருஷம் செப்டம்பரில் சறுக்காமல் நேராகப் போய் எதிரணி வீரர் டமார் ஹாம்லின் மேல் மோதினார், மறுபடி மூளை அதிர்ச்சி. ஒரே ஆள், அதே உடம்பு. விழுந்த விதம்தான் மாறியது.

இப்போது கேம் நியூட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வாதத்தில் எனக்கு வலிக்கிற இடம் அது. 2011-இல் எங்கள் அணி முதல் ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக். 6 அடி 5 அங்குலம், 110 கிலோவுக்கு மேல். 2015-இல் லீகின் மிகச் சிறந்த வீரர், லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்கு எங்களைக் கூட்டிப்போனவர். அவ்வளவு பெரிய உடம்பு இருக்கிறதே என்று ஒரு கெஜம் வேண்டுமானால் அவரையே பந்தோடு உள்ளே அனுப்பினார்கள். கோல் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தாலும் அவர்தான் ஓட வேண்டும். 2016 முதல் ஆட்டத்தில் டென்வர்காரர்கள் அவர் தலையைக் குறிவைத்து இடித்துக்கொண்டே இருந்தார்கள், தப்பாட்டத்துக்கு வீச வேண்டிய நடுவர்களின் மஞ்சள் கொடி பெரும்பாலும் பையிலேயே இருந்தது. மெலிந்த ஒருவனுக்கு அந்த அடி விழுந்திருந்தால் அரங்கமே எழுந்து கத்தியிருக்கும். அந்த அக்டோபரில் அவரே, களத்தில் பாதுகாப்பாக உணரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2017-இல் தோள்பட்டை அறுவை சிகிச்சை, 2019 தொடக்கத்தில் இன்னொன்று, அதே வருஷம் பாதத்தில் காயம். 2020 மார்ச்சில் அணியே அவரை விடுவித்தது. பெரிய உடம்பு தாங்கும் என்று எல்லாரும் நம்பியதால்தான் அந்த உடம்பைக் கணக்கில்லாமல் செலவழித்தார்கள். இதை நான் கண்ணால் பார்த்தவள். அதனால்தான் ஒரு வாட்டசாட்டமான பையனைக் காட்டி 'இவனுக்குக் காயம் வராது' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

உயரத்துக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. முன்னால் நிற்கிற லைன்காரர்கள் எல்லாரும் 6 அடி 4, 5 அங்குலம். அவர்கள் தலைகளுக்கு மேலாக நடுக்களத்தைப் பார்த்து எறிவது 5 அடி 10 அங்குலத்துக்காரனுக்குக் கஷ்டம். இடைவெளி தேடி நகர வேண்டும், பந்து கைகளில் தட்டுப்படும். யங் முதல் வருஷம் அதில் திணறியதைப் பார்த்தேன். அது ஆட்டத் திறன் பற்றிய கேள்வி, அதைத் தாராளமாகக் கேளுங்கள். காயம் என்று வரும்போதுதான் பொத்தாம்பொதுவாகப் பேசக் கூடாது. யங்கின் அதே உயரமுள்ள குவார்ட்டர்பேக் கைலர் மரேயை உதாரணம் காட்டுவார்கள். 2022 டிசம்பரில் அவர் முழங்கால் தசைநார் அறுந்தபோது பக்கத்தில் யாரும் அவரைத் தொடவே இல்லை, ஓடும்போது தானாக மடங்கியது. அதை எந்தத் தராசில் நிறுப்பது?

இன்னொரு கதையும் இருக்கிறது. 2006-இல் மயாமி டால்ஃபின்ஸ் குவார்ட்டர்பேக் தேடிக்கொண்டிருந்தது. கையில் இரண்டு பேர். 6 அடி உயரமுள்ள ட்ரூ பிரீஸ், தோள் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். 6 அடி 4 அங்குல டான்டே கல்பெப்பர், முந்தைய அக்டோபரில் இதே சார்லட் மைதானத்தில் முழங்காலில் மூன்று தசைநார்கள் அறுந்தவர். மயாமி மருத்துவர்கள் பிரீஸின் தோளை நம்பவில்லை, கல்பெப்பரை எடுத்தார்கள். அவர் அங்கே நான்கு ஆட்டம் ஆடினார். பிரீஸ் நியூ ஆர்லியன்ஸ் போய் 15 சீசன் ஆடி, சூப்பர் பவுல் ஜெயித்து, வருஷத்துக்கு இரண்டு தடவை எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். அன்றைய மயாமி பயிற்சியாளர் நிக் சேபன். அந்த சீசன் முடிந்ததும் அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவரிடம் ஆடி 2021-இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கிய குவார்ட்டர்பேக்தான் எங்கள் பிரைஸ் யங்.

2023 டிசம்பர் 17, அட்லாண்டாவுக்கு எதிரான ஆட்டம். அதுவரை 13 ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்திருந்தோம். கொட்டுகிற மழை, பாதிக்கு மேல் நாற்காலி காலி. நான் மேல் அடுக்கில் பிளாஸ்டிக் உறை போர்த்திக்கொண்டு, விரல் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். கடைசிக் கால் பகுதியில் எங்கள் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தடவையும் யங் மேல் ஆட்கள் விழும்போது நான் பந்தைப் பார்க்கவில்லை. குவியலுக்கு அடியில் 9-ஆம் எண் சட்டை அசைகிறதா என்றுதான் பார்த்தேன். மேலே இருப்பவன் எழுந்ததும் இவன் ஒரு முழங்காலை ஊன்றி, ஹெல்மெட் கம்பியில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, அடுத்த முயற்சிக்குக் கை காட்டுவான். அப்படியே 90 கெஜம் கொண்டுபோனான். கடைசி நொடியில் எடி பின்யெரோ உதைத்து 9-7 என்று ஜெயித்தோம். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பாட்டி என்னைக் கட்டிக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் முடிந்ததும் அணி செய்த வேலைதான் சரியான வேலை. 2024 மார்ச்சில் ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ் என்று இரண்டு கார்டுகளைப் பெரிய சம்பளத்துக்கு எடுத்தார்கள். கார்டு என்பவர் குவார்ட்டர்பேக்குக்கு நேர் முன்னால் நின்று தடுப்பவர். நடுவில் சில ஆட்டம் யங்கை உட்கார வைத்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்தாலும், 62 ஆக இருந்த சாக் எண்ணிக்கை அந்த சீசனில் 29 ஆனது. பையன் ஓர் அங்குலம்கூட வளரவில்லை. 2025 நவம்பரில் அட்லாண்டாவில் கணுக்கால் வலியோடு ஆடி 448 கெஜம் எறிந்தான். எங்கள் அணியின் வரலாற்றிலேயே ஓர் ஆட்டத்தில் அதுதான் அதிகம். அதற்கு முந்தைய சாதனை கேம் நியூட்டனுடையது.

தராசு முறியும் வரைக்கும் ஆளை எடை போடுகிறார்கள், அவனுக்கு முன்னால் நிற்பது யார் என்று பார்ப்பதில்லை. 2002-இல் ஹூஸ்டன் முதல் ஆளாக எடுத்த டேவிட் காரை அந்த ஒரே வருஷத்தில் 76 முறை சாக் செய்தார்கள், இன்றைக்கும் அதுதான் சாதனை. அவர் 6 அடி 3 அங்குலம். 16 ஆட்டமும் ஆடினார், ஆனால் அதற்கப்புறம் அவர் ஆட்டம் தேறவே இல்லை. 2024-இல் ஸ்ட்ரவுடை 52 முறை வீழ்த்தியபோது தம்பிக்கு நான் போன் செய்தேன். குத்திக் காட்ட இல்லை, உண்மையான கவலையோடுதான். "டேய், முதல்ல அவனுக்கு முன்னாடி நிக்க ஆள் பாருங்கடா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஆமாக்கா, அதான் நாங்களும் கத்திட்டு இருக்கோம்" என்றான்.