கன்னத்தில் வந்தது சதை இல்லை

சித்தியின் மகளுக்கு 23 வயது. சின்ன வயதிலிருந்தே மெல்லிய உடம்பு. வெள்ளவத்தையில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் "காத்தடிச்சாப் பறந்திடுவாய் போல" என்று யாராவது ஒருத்தர் சொல்லாமல் விடமாட்டார்கள்.

போன வருடம் பேஸ்புக் விளம்பரம் ஒன்றைப் பார்த்து உடம்பு வைக்கும் மருந்து வாங்கியிருக்கிறாள். வட்ஸ்அப்பில் விலாசம் கொடுத்தால் சரி, கூரியரில் வந்துவிடும், வாசலில் காசு. மூன்று கிழமையில் கன்னம் உப்பியது. "இப்பத்தான் பிள்ளை வடிவு" என்றோம். நானும் சொன்னேன். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது.

மூன்று மாதத்தில் போத்தல் முடிந்தது. அப்புறம் சில நாளிலேயே ஓயாத சத்தி, எழும்ப முடியாத சோர்வு. ஒருநாள் படியிலேயே மயங்கி விழுந்தாள். முகம் உருண்டை, கை கால் மட்டும் ஈர்க்கு. அதைப் பார்த்ததுமே வைத்தியர் கேட்டார், "என்ன மருந்து குடிச்சனீங்கள்?"

போத்தலைத் தேடி எடுத்தேன். "100 வீதம் மூலிகை" என்று பெரிதாய் இருந்தது. செய்தவர் பெயர், காலாவதித் திகதி, பதிவு இலக்கம் ஒன்றுமே இல்லை. பச்சைக் கப்ஸ்யூல் ஒன்றைப் பிரித்துக் கொட்டினேன். மணமே இல்லாத வெள்ளைத் தூள்.

இப்படியான மருந்துகளில் பல நாடுகளிலும் திரும்பத் திரும்பப் பிடிபடுபவை டெக்ஸாமெதசோனும் சைப்ரோஹெப்டடினும். பின்னது ஒவ்வாமைக்குக் கொடுப்பது. பசியைக் கிளப்பும், தூங்கவைக்கும். அது கலந்த அப்பெட்டமின் என்ற பாணியை வாங்க வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யே எச்சரித்திருக்கிறது. முன்னது ஸ்டீரொயிட். முகத்தில் கொழுப்பைச் சேர்க்கும், உடம்பில் நீரைத் தேக்கும், சீனியையும் பிரஷரையும் ஏற்றும், கை கால் தசையைக் கரைக்கும். நாங்கள் வடிவு என்றது இந்த வீக்கத்தைத்தான். கிழமைக்கணக்கில் எடுத்தால், உடம்பு தானாய்ச் சுரக்கும் ஸ்டீரொயிட்டையும் நிறுத்திவிடும். மருந்தைச் சட்டென்று விட்டதும் அவள் விழுந்தது அதனால்தான்.

2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை என்று ஒன்று இங்கே இலங்கையில் இருக்கிறது. ஆங்கில மருந்து என்றால் அங்கே பதிந்துதான் விற்க வேண்டும். இடுப்புக்கு, மார்புக்கு என்று விற்கும் கிறீம், ஊசிகளையும் இதே கண்ணால் பாருங்கள். மெலிவுக்குத் தைரொயிட், சலரோகம், காசநோய் என்று காரணம் இருக்கலாம்; வைத்தியர் சோதித்தால் தெரியும். ஒன்றுமே இல்லாவிட்டால் அது அவளுடைய உடம்புவாகு, விட்டுவிடுங்கள்.

உங்களில் யாராவது இப்படியான மருந்தைக் கிழமைக்கணக்கில் குடித்துக்கொண்டிருந்தால், பயத்தில் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். போத்தலோடு உடனே வைத்தியரிடம் போங்கள். வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தால் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள், நான் கூட வருகிறேன்.