வாங்கும் முன் அளந்து பாருங்கள்

பேஸ் கிட்டார் சத்தம் மெலிந்திருந்தால் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தப் பாகத்தை, மாற்றச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் முதலில் ஸ்க்ரூவைத் திருகி, இருக்கிற பிக்கப்பைத் தந்திக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.

மாற்றியே ஆகணும் என்றால், ஜாஸ் பேஸ் (ஃபெண்டர் கம்பெனியின் இரண்டு பிக்கப் உள்ள மாடல்) வைத்திருப்பவர்கள் அளக்க ஸ்கேலை எடுங்கள். ஃபெண்டரின் வழக்கமான அமைப்பில் பிரிட்ஜ் (உடல் பகுதியில் தந்திகள் தாங்கி நிற்கும் இடம்) பக்கத்துப் பிக்கப், நெக் (விரல் வைக்கும் நீண்ட கழுத்து) பக்கத்துப் பிக்கப்பைவிடச் சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளம். சில மாடல்களில் இரண்டும் ஒரே அளவு. அளக்காமல் ஆர்டர் போட்டால் மரத்தைக் குடைய வேண்டிவரும்.

ஜோடியாகவே வாங்குங்கள். ஒரு பிக்கப்பின் கம்பிச் சுற்றும் காந்த முனையும் மற்றதற்கு எதிராக இருந்தால்தான் இரண்டு வால்யூமையும் முழுசாக வைக்கும்போது இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் அந்த 'ம்ம்ம்' திரும்ப வந்துவிடும்.

அப்புறம், இஎம்ஜி கம்பெனியுடையது மாதிரி ஆக்டிவ் (பேட்டரியில் ஓடும்) வகைப் பிக்கப்புக்குப் பழைய 250 கிலோ ஓம் பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் உள்ள பாகம்) ஒத்துவராது, 25 வேண்டும். 9 வோல்ட் பேட்டரிக்கு உள்ளே இடம் இருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள்.