கழுதை ஒத்துக்கொண்ட குற்றம்

பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேனைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவருடைய விலங்குக் கதைகள் குழந்தைகளுக்கானவை என்று அதில் ஒரு வரி வருகிறது. அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1678இல் வந்த இரண்டாம் தொகுப்பின் முதல் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கும் கொள்ளைநோய். பெரிய பாவி யாரோ அவர் பலியாகட்டும் என்று சிங்கம் சபை கூட்டுகிறது. ஆடுகளைத் தின்றேன், சில சமயம் இடையனையும் தின்றேன் என்று அதுவே முதலில் சொல்கிறது. அது ஆடுகளுக்குப் பெருமைதானே அரசே என்கிறது நரி. புலி, கரடி பக்கம் யாரும் திரும்பவே இல்லை. அப்புறம் கழுதை வருகிறது. மடத்துப் புல்வெளி வழியாகப் போனபோது பசி தாங்காமல் நாக்கு அகலத்துக்குப் புல் மேய்ந்துவிட்டேன் என்கிறது. அவ்வளவுதான், அடுத்தவர் புல்லைத் தின்பதா என்று எல்லோரும் பாய்கிறார்கள்.

அந்த 'நாக்கு அகலம்' ஒவ்வொரு முறையும் என்னை உலுக்கிவிடும். எவ்வளவு துல்லியமான கணக்கு, பாவம்! இதை எழுதியவர், 1661இல் கைதான நிதியமைச்சர் ஃபூக்கேவுக்காக மன்னரிடம் கருணை கேட்டுக் கவிதை பாடியவர். அரசவைத் தீர்ப்புகளைக் கிட்ட இருந்து பார்த்தவர்.

இன்னொன்று, அதே தொகுப்பின் முன்னுரையில் பல கதைகளுக்கு இந்திய ஞானி பில்பாய்க்குக் கடன்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். நம் பஞ்சதந்திரம் பில்பாய் பெயரில் பாரசீகம் வழியாக லா ஃபோந்தேன் கைக்குப் போன கதை அது. அதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.